ஊறுகாய்ப் புட்டியில் துருவக் கடல் புழு! தாவர மேதை ஹூக்கரின் கதை

சேலத்தில் இருந்து ஏற்காடு மலைக்குப் போக இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த பாதை. மற்றொன்று, அயோத்தியாப்பட்டணம் தாண்டி, குப்பனூர் கிராமத்தின் வழியாக மலை ஏறும் பாதை.

குப்பனூர் வழியாகப் போனாலும் சரி, மற்றப் பாதையில் போனாலும் சரி, ஏற்காடு போகிறவர்கள் அங்குள்ள தாவர ஆராய்ச்சித் தோட்டத்தைப் பார்க்காமல் திரும்புவது இல்லை. 1963-ம் ஆண்டில் தொடங்கப்பட்ட தோட்டம் அது.

அங்கே ஓர் அதிசயச் செடி இருக்கிறது. அதன் இலை நுனியில் சிறு குடம் ஒன்று தொங்கும். குடத்துக்கு மூடியும் உண்டு. தேன் குடிக்க வரும் பூச்சி, வழுக்கி உள்ளே விழும். உள்ளே இருக்கும் நீரில் ஊறி, செடிக்கே உணவாகி விடும்!

அசாமுக்குத் தெற்கே உள்ள காசி மலைச் செடி அது. அதற்கு "நெப்பந்தஸ் காசியானா" என்று 1873-ம் ஆண்டில் பெயர் வைத்தவர், ஜோசப் டால்ட்டன் ஹூக்கர் என்ற இங்கிலாந்து நாட்டு விஞ்ஞானி.

இந்தியாவின் செடி கொடிகளுக்கு எல்லாம் கணக்கு எழுதிய மனிதர் இவர். ஆனால் இவருடைய வாழ்க்கை தொடங்கியது செடி இல்லாத இடத்தில். பனிக்கட்டி மிதக்கும் தென்துருவக் கடலில்! அங்கே இவர் கண்ணில் பட்டவற்றுள், கடலின் அடியில் இருந்து வந்த புழுக்களும் உண்டு.

தாத்தா மடியில் கண்ட கனவு

ஹூக்கர் 1817-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி, இங்கிலாந்தில் ஹேல்ஸ்வொர்த் என்ற ஊரில் பிறந்தார். தந்தை வில்லியம் ஹூக்கர், பெரிய தாவர விஞ்ஞானி. ஜோசப்புக்கு மூன்று வயதானபோது தந்தைக்கு கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பதவி கிடைத்தது. குடும்பம் அங்கே போயிற்று.

ஏழு வயதிலேயே ஜோசப், தந்தை கல்லூரி மாணவர்களுக்கு நடத்தும் பாடத்தைப் போய்க் கேட்பான். மற்றப் பிள்ளைகள் கோலி ஆடும் வயது அது!

தாத்தாவின் மடியில் உட்கார்ந்து படப்புத்தகம் பார்ப்பதும் அவனுக்குப் பிடிக்கும். கேப்டன் குக் என்ற மாலுமியின் கடல் பயணப் புத்தகத்தில் ஒரு படம். ஆள் இல்லாத கெர்கலன் தீவு. கரையில் வளைந்த பாறை. மாலுமிகள் பென்குவின் பறவைகளை அடித்துக் கொண்டு இருக்கிறார்கள். அந்தத் தீவை ஒருநாள் பார்த்து விட்டால், தன்னைப் போல் பாக்கியசாலி யாரும் இல்லை என்று சிறுவன் நினைத்தான்.

அந்த நாள் வந்தது.

1839-ம் ஆண்டு. ஹூக்கர் வைத்தியப் படிப்பை முடித்த ஆண்டு அது. தென்துருவத்தின் காந்த சக்தியை ஆராய, இங்கிலாந்து அரசாங்கம் "எரிபஸ்", "டெரர்" என்ற இரண்டு கப்பல்களை அனுப்பியது. தலைவர் ஜேம்ஸ் கிளார்க் ராஸ். டெரர் கப்பலின் தளபதி குரோசியர். எரிபஸ் கப்பலில் உதவி வைத்தியராக ஹூக்கருக்கு வேலை கிடைத்தது. வயது 22.

நீராவியும் கிடையாது. பாய் மரக் கப்பல்கள். காற்று அடித்தால்தான் நகரும். இந்தக் கப்பல்களில்தான் பனிக்கடலுக்குள் புகுந்தார்கள்.

புட்டி இல்லை, ரம் இருந்தது!

காந்த ஆராய்ச்சிக்குத் தேவையான கருவிகளை எல்லாம் அரசாங்கம் தாராளமாகக் கொடுத்தது. செடிகளையும் பிராணிகளையும் சேர்ப்பதற்கு என்ன கொடுத்தது? செடிகளை அழுத்தி உலர்த்தக் காகிதம், சில பெட்டிகள். அவ்வளவுதான்.

கடல் பிராணிகளைப் போட்டு வைக்க ஒரு கண்ணாடிப் புட்டிகூட இல்லை!

சமையல் அறையில் காலியான ஊறுகாய்ப் புட்டிகளை வாங்கிக் கழுவினார் ஹூக்கர். பிராணிகள் அழுகாமல் இருக்கச் சாராயம் வேண்டுமே? மாலுமிகள் குடிப்பதற்காக வைத்திருந்த ரம், அந்தப் புட்டிகளில் ஊற்றப்பட்டது.

கப்பல் தலைவர் ராஸ் நல்ல மனிதர். அவருக்குக் கடல் பிராணிகள் என்றால் உயிர். தமது அறையிலேயே ஹூக்கருக்கு ஒரு மேஜையைக் கொடுத்தார். இரவில் ஒரு பக்கம் ராஸ் கணக்கு எழுதுவார். எதிர்ப்பக்கம் ஹூக்கர், வலையில் வந்த பிராணிகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் படம் வரைவார். சில நாட்களில் அதிகாலை 3 மணி வரைகூட விளக்கு எரியும். செடி ஆராய வந்த இளைஞர், நடுக்கடலில் செடிக்கு எங்கே போவார்? கடல் பிராணிகளே அவருக்குப் பாடம் ஆயின.

1840-ம் ஆண்டு மே மாதம் கப்பல்கள் கெர்கலன் தீவை அடைந்தன. படத்தில் பார்த்த அதே வளைந்த பாறை, கண் முன்னால்!

குக் காலத்தில் அங்கே 18 வகைத் தாவரங்களே உண்டு என்று எழுதி இருந்தார்கள். ஹூக்கர் பாசி, காளான் வகைகளையும் சேர்த்து 150 வகை கண்டுபிடித்தார். அங்கே அப்போது கடுங்குளிர். பாறையில் உறைந்து ஒட்டிக் கொண்ட பாசிகளைச் சுத்தியால் தட்டி எடுப்பார். வராவிட்டால், அதன் மேலேயே உட்கார்ந்து கொள்வார். உடம்புச் சூட்டில் பனி இளகியதும் பிய்த்து எடுத்துக் கொள்வார்!

அந்த ஆண்டில்தான் அவருடைய அண்ணன் ஜமைக்கா தீவில் காய்ச்சலில் இறந்தார் என்ற செய்தி, பல மாதம் கழித்து அவருக்குக் கிடைத்தது. அழுவதற்குக்கூட உறவினர் பக்கத்தில் இல்லை. வேலையிலேயே மனத்தைச் செலுத்தினார்.

1,600 அடி ஆழத்தில் உயிர்!

1841-ம் ஆண்டு ஜனவரியில், கப்பல்கள் பனிக்கட்டிகளைப் பிளந்து கொண்டு, அதுவரை மனிதர் யாரும் பார்த்திராத கடலுக்குள் நுழைந்தன. அங்கே பனிமலை நடுவே நெருப்பைக் கக்கும் எரிமலை ஒன்றைக் கண்டார்கள். அதற்குத் தங்கள் கப்பலின் பெயரையே வைத்தார்கள். அந்த எரிபஸ் மலை இன்றும் புகைந்து கொண்டு இருக்கிறது. அதற்கு அப்பால், 150 அடி, 200 அடி உயரத்துக்குப் பனிச்சுவர். கோட்டை மதில் போல நூற்றுக்கணக்கான மைலுக்கு நீண்டு கிடந்தது.

அந்தப் பயணத்தின் நடுவே ஒருநாள் ராஸ், கடலின் அடியை அள்ளும் வலையை இறக்கினார். கயிறு போய்க் கொண்டே இருந்தது. 270 பாகம் போய்த்தான் வலை தரையைத் தொட்டது. நம் மீனவர்கள் சொல்லும் அதே பாகக் கணக்கு. ஒரு பாகத்துக்கு 6 அடி என்றால், 1,620 அடி ஆழம்!

வலையை மேலே இழுத்தார்கள். சேறும் கல்லும் மட்டும் வரவில்லை. பவளம் போன்ற உயிர்கள் வந்தன. சிப்பிகள் வந்தன. வெள்ளைச் சுண்ணாம்புக் குழாய்க்குள் வாழும் புழுக்களும் வந்தன.

இந்தப் புழுக்கள் எப்படிப்பட்டவை? இவை மண்புழுவுக்கு உறவு. மண்புழுவைப் போலவே உடம்பு முழுவதும் வளையம் வளையமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு வளையத்தின் இரு பக்கத்திலும், தூரிகை போல விறைப்பான முடிக் கொத்துகள் உண்டு. பல வகைப் புழுக்கள் அந்த முடியை ஊன்றித்தான் ஊரும், நீந்தும். சில வகை, தானே சுண்ணாம்புக் குழாய் கட்டி, அதற்குள் குடி இருக்கும். விசிறி போன்ற தலையை மட்டும் வெளியே நீட்டி இரை பிடிக்கும். ஆபத்து என்றால், கண் மூடித் திறப்பதற்குள் உள்ளே போய்விடும்.

நம் கடலிலும் இந்த இனம் உண்டு. தூத்துக்குடிப் பக்கம் கடல் சிப்பிகளின் முதுகில், வெள்ளைப் புழு நெளிந்தது போல ஒட்டி இருக்கும் குழாய்களைப் பார்க்கலாம். அவை இந்தக் குழாய்ப் புழுக்களின் வீடுகள்தான்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம்.

அந்தக் காலத்தில் ஆழ்கடலில் உயிரே கிடையாது என்றுதான் பலர் நம்பினார்கள். வெளிச்சம் இல்லை; தண்ணீரின் பாரமோ மலை போன்றது; அங்கே எது வாழும் என்று நினைத்தார்கள். எட்வர்ட் போர்ப்ஸ் என்ற விஞ்ஞானி, 1843-ம் ஆண்டில் அதற்கு ஒரு கணக்கே சொன்னார். 300 பாகத்துக்குக் கீழே கடல் வெறும் சுடுகாடு என்பது அவர் கட்சி. தெற்கு ஐரோப்பாவை ஒட்டிய கடலில் வலை போட்டுப் பார்த்து அவர் கட்டிய கணக்கு அது. நல்ல விஞ்ஞானிதான். ஆனால் ஒரு குளத்தைப் பார்த்து விட்டு ஊர் ஏரிக்கெல்லாம் கணக்குச் சொன்ன கதையாகி விட்டது.

ராஸ் அதை நம்பவில்லை. காரணம் உண்டு. 1818-ம் ஆண்டில், அவர் 18 வயதுப் பையனாக வடதுருவக் கடலுக்குப் போய் இருந்தார். சிற்றப்பா ஜான் ராஸ்தான் கப்பல் தலைவர். அப்போது ஏறக்குறைய 1,000 பாகம் ஆழத்தில் இருந்து அள்ளிய சேற்றில், உயிருள்ள புழுக்கள் இருந்தன! அதைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

தென்துருவத்தில் வந்த பிராணிகளில் சில, வடதுருவத்தில் தாம் பார்த்தவை போலவே இருப்பதையும் ராஸ் கண்டார். இரண்டு துருவத்துக்கும் நடுவே ஆழ்கடலில் குளிர் நீர் பரவிக் கிடப்பதால், அதன் வழியே அவை பரவி இருக்கலாம் என்று நினைத்தார்.

இவ்வளவு பெரிய உண்மைக்குச் சாட்சி, ரம் ஊற்றிய அந்த ஊறுகாய்ப் புட்டிகளில் இருந்தது.

பாழாய்ப் போன புதையல்

1842-ம் ஆண்டு மார்ச் மாதம், ஓர் இரவு. பெருங்காற்று. எதிரே பனிமலை. அதில் மோதாமல் இருக்க எரிபஸ் திரும்பியது. பின்னால் வந்த டெரர் கப்பல் வந்து மோதிற்று! பாய் மரங்கள் முறிந்தன. இரண்டு பனிமலைகளுக்கு நடுவே இருந்த குறுகிய சந்து வழியாக நுழைந்து, உயிர் தப்பினார்கள்.

இத்தனையும் தாண்டி, 1843-ம் ஆண்டு செப்டம்பரில் கப்பல்கள் இங்கிலாந்து திரும்பின. நான்கு ஆண்டுப் பயணம்!

ஹூக்கர் கொண்டு வந்த தாவரங்கள் அவர் கையிலேயே இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். புத்தகம் வெளியிட அரசாங்கம் பண உதவி செய்தது. படங்களோடு ஆறு பெரிய பாகங்கள் வெளிவந்தன. பனிக்கட்டியின் அடியில் பழுப்பு நிறமாகப் படிந்து இருந்ததையும் அவர் சேர்த்து வைத்திருந்தார். அதை ஜெர்மனியில் இருந்த ஏரன்பெர்க் என்ற விஞ்ஞானிக்கு அனுப்பினார். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தாவரங்கள் அவை என்று தெரிந்தது. துருவக் கடலில் சிறு பூச்சி முதல் திமிங்கிலம் வரை எல்லாம் பிழைப்பதற்கு, அடிப்படை உணவு இந்த நுண்தாவரம்தான் என்று ஹூக்கர் எடுத்துச் சொன்னார்.

புழுக்கள் என்ன ஆயின?

கடல் பிராணிகளின் புட்டிகளைத் தலைவர் ராஸ் தம்மிடமே வைத்துக் கொண்டார். தாமே எழுத வேண்டும் என்று ஆசை. ஆனால் ஆண்டுகள் ஓடின. ராஸ் எழுதவில்லை. வேறு யாரிடமும் கொடுக்கவும் இல்லை. 1862-ம் ஆண்டில் ராஸ் இறந்தார். பிறகு பார்த்தால், அந்தச் சேகரிப்பில் பெரும் பகுதி கெட்டுப் பாழாகிப் போய் இருந்தது!

அந்தப் பயணத்தின் பிராணிகளைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியாகத் தொடங்கியது. பணம் இல்லாமல் நடுவில் நின்று, சுமார் 30 ஆண்டு கழித்து 1875-ல்தான் முடிந்தது. பறவை உண்டு; மீன் உண்டு; நண்டு, நத்தைகூட உண்டு. புழுவுக்கு என்று ஒரு பகுதி கிடையாது. தப்பிப் பிழைத்த சிலவற்றைப் பற்றி, பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த வில்லியம் பேர்ட் 1865-ம் ஆண்டு வாக்கில் எழுதினார். அவ்வளவுதான் மிச்சம்.

புட்டிகள் மட்டும் சரியான கைக்குப் போய் இருந்தால், ஆழ்கடலில் உயிர் உண்டு என்று உலகுக்கு நிரூபித்த பெருமை எரிபஸ் கப்பலுக்கே கிடைத்து இருக்கும். அந்தப் பெருமையை "சேலஞ்சர்" என்ற கப்பல் தட்டிக் கொண்டு போயிற்று. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய அந்தக் கப்பல், மைல் கணக்கான ஆழத்தில் இருந்து எல்லாம் உயிர்களை அள்ளி வந்தது. அது கொண்டு வந்த கடல் புழுக்களை மட்டும் பற்றி, மெக்கின்டாஷ் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி 1885-ல் ஒரு தனிப் பெரிய நூலே எழுதினார்.

எரிபஸ், டெரர் கப்பல்களின் முடிவும் சோகமானது. 1845-ம் ஆண்டில் பிராங்ளின் என்பவர் தலைமையில் அவை வடதுருவம் போயின. போன 129 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. குரோசியரும் அதில் மாண்டார். கடலில் மூழ்கிக் கிடந்த எரிபஸ் 2014-ம் ஆண்டிலும், டெரர் 2016-ம் ஆண்டிலும்தான் கண்டுபிடிக்கப்பட்டன.

இந்தியாவில் ஹூக்கர்

1848-ம் ஆண்டு ஜனவரி மாதம் ஹூக்கர் கல்கத்தா வந்து இறங்கினார். இந்தியாவுக்குப் புதிய கவர்னர் ஜெனரலாக வந்த டல்ஹவுசி பிரபுவோடு கூடவே பயணம் செய்து வந்தார்.

டார்ஜிலிங் போனார். சிக்கிம் மலைகளில் ஏறினார். 18,000 அடிக்கு மேல் உள்ள கணவாய்களை எல்லாம் கடந்தார். மழையில் செடி உலர்த்தும் காகிதம் நனைந்து விடும். அட்டைப் பூச்சிகள் காலைக் கடிக்கும். லெப்சா என்ற மலைஜாதி மக்கள் அவருக்குத் துணையாக வந்து செடி சேர்த்தார்கள்.

1849-ம் ஆண்டு நவம்பரில் ஒரு விபரீதம். டார்ஜிலிங் அதிகாரி கேம்பெல் என்பவரும் ஹூக்கரும் போய்க் கொண்டு இருந்தபோது, சிக்கிம் திவானின் ஆட்கள் கேம்பெலைப் பிடித்துக் கட்டி அடித்தார்கள். ஹூக்கர் நண்பரை விட்டுப் போக மறுத்து விட்டார். இருவரும் டிசம்பரில்தான் விடுதலை ஆனார்கள். அந்தச் சிறைப் பயணத்திலும் வழியில் கண்ட செடிகளைக் குறிப்பு எழுதிக் கொண்டு போனார் என்றால், அவருடைய ஆர்வத்தை என்ன சொல்வது!

மறு ஆண்டு, தாம்சன் என்ற நண்பரோடு காசி மலைக்குப் போனார். ஏற்காட்டுத் தோட்டத்தில் நாம் பார்க்கும் குடச் செடி விளையும் சொந்த மலை அதுதான்.

1851-ல் ஊர் திரும்பும்போது அவரிடம் சுமார் 7,000 வகைத் தாவரங்கள் இருந்தன.

கெர்கலன் முதல் சேர்வராயன் மலை வரை

ஹூக்கர், இந்தியச் செடிகளை மூட்டையிலேயே கிடக்க விடவில்லை. தாமும் தாம்சனும் சேர்த்தவற்றில் மறு பிரதிகளைப் பல நாட்டு நிலையங்களுக்கு அனுப்பினார். ஓர் இடத்தில் கெட்டாலும் இன்னோர் இடத்தில் இருக்கும் அல்லவா?

லண்டனுக்குப் பக்கத்தில் உள்ள கியூ தோட்டத்துக்குத் தந்தைதான் டைரக்டராக இருந்தார். தந்தை இறந்ததும், 1865-ல் மகன் அந்தப் பதவிக்கு வந்தார். 20 ஆண்டு நிர்வாகம் செய்தார்.

அங்கே இருந்து அவர் எழுதியதுதான் "பிரிட்டிஷ் இந்தியாவின் தாவரங்கள்" என்ற ஏழு பாக நூல். 1872-ல் தொடங்கி 1897-ல் முடித்தார். தொடங்கும்போது வயது 55, முடிக்கும்போது 80!

அதில் நம் தென்னாட்டு மலைச் செடிகளும் உண்டு. ஹூக்கர் நடந்தது வடக்கே. தெற்கே சென்னை ராஜதானியில் நடந்து சேர்த்தவர் ராபர்ட் வைட் என்ற வைத்தியர். அவருக்குச் செடிகளைப் பார்த்துத் தத்ரூபமாகப் படம் எழுதிக் கொடுத்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள். வைட் சேர்த்தவை கியூ தோட்டத்துக்குப் போயின. அப்படிப் பலர் சேர்த்து அனுப்பியவற்றை எல்லாம் ஹூக்கர் ஒரே நூலில் ஒழுங்குபடுத்தினார். சேர்வராயன் மலையில் ஒரு செடியைப் பிடுங்கி அதன் பெயர் என்ன என்று ஆராய்கிறவர்கள், இன்றும் அந்த நூலைத் தேடிப் போகிறார்கள்.

இலங்கைத் தாவரங்களைப் பற்றி டிரைமன் என்பவர் எழுதிய நூல், அவர் 1896-ல் இறந்ததால் பாதியில் நின்றது. அதன் கடைசி இரண்டு பாகங்களையும் முடித்துக் கொடுத்தவர் ஹூக்கர்தான். பிறருடைய வேலை பாழாவதைப் பார்க்க அவருக்கு மனம் இல்லை.

பரிணாம தத்துவம் சொன்ன டார்வினுக்கு ஹூக்கர் ஆருயிர் நண்பர். உயிர் இனங்கள் மாறி வந்தவை என்ற தமது எண்ணத்தை, ஊர் அறியுமுன் 1844-லேயே டார்வின் கடிதம் எழுதித் தெரிவித்தது ஹூக்கருக்குத்தான். 1858-ல் அதைச் சபை ஏற்றியதில் ஹூக்கருக்கு முக்கியப் பங்கு உண்டு.

குடச் செடியையும் ஹூக்கர் சும்மா விடவில்லை. குடத்துக்குள் முட்டையின் வெள்ளைக் கரு, இறைச்சித் துண்டு எல்லாம் போட்டுப் பார்த்தார். அவை கரைந்து போயின. நம் வயிற்றில் உணவு செரிப்பது போலவே குடத்துக்குள்ளும் செரிக்கிறது என்று 1874-ல் விஞ்ஞானிகள் கூட்டத்தில் விளக்கினார்.

94 வயது

ஹூக்கர் நீண்ட ஆயுள் பெற்றவர். 1911-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி, தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 94. மன்னர்களும் மேதைகளும் அடக்கமாகி இருக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இடம் தருவதாகச் சொன்னார்கள். ஆனால் அவருடைய விருப்பப்படி கியூ தோட்டத்தின் பக்கத்து மாதா கோயிலில், தந்தையின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்தார்கள்.

அவர் இறந்த நான்காம் நாள், டிசம்பர் 14-ந் தேதி, ஆமுன்ட்சென் என்ற நார்வே வீரர் தென்துருவத்தை அடைந்தார். அதே நேரத்தில் அங்கே போய்க் கொண்டு இருந்த இங்கிலாந்து வீரர் ஸ்காட்டின் குழுவிலும் விஞ்ஞானிகள் இருந்தார்கள். அவர்களுடைய "டெர்ரா நோவா" கப்பல், ராஸ் வலை போட்ட அதே துருவக் கடலில் வலை இறக்கியது. இந்தத் தடவை கப்பலில் கண்ணாடிப் புட்டிகளுக்குப் பஞ்சம் இல்லை. அதில் வந்த கடல் புழுக்கள், நியூசிலாந்தில் இருந்த பென்ஹாம் என்ற விஞ்ஞானியிடம் ஒப்படைக்கப்பட்டன. 1927-ம் ஆண்டில் அவற்றைப் பற்றிய நூல் அச்சாகி வெளிவந்தது.